இன்சுலேட்டட் என்றால் தமிழில் ‘படாதது’

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி மூன்று வாக்கியங்களைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் இன்சுலேட்டட் பிளேயர்தான் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. நீதிபதிகள் அரசியலிலிருந்து இன்சுலேட் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அமைச்சர் நாட்டு நடப்பிலிருந்து இன்சுலேட் ஆகிவிட்டார் என்பது மூன்றாவது. அகராதி ‘காப்பிடப்பட்ட’ என்று ஒரே சொல்லைத் தருகிறது, மூன்றிலும் அதைப் போட்டால் அமைச்சர் பிவிசி குழாய்க்குள் புகுந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, என்ன செய்வது என்கிறார். முப்பது வருஷம் கரண்ட் வேலையில் இருந்துவிட்டு இப்போது மொழிபெயர்ப்பில் பொழுதைக் கழிக்கிறவன் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் என்ன படம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லத்தீனில் இன்சுலா என்றால் தீவு. ஆரம்பத்தில் இன்சுலேட் என்றால் நிலத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தீவாக்குவதுதான், மின்சாரத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். ஐசோலேட் என்பதும் அதே தீவிலிருந்து இத்தாலிய மொழி வழியாகச் சுற்றி வந்த சொல். கணையத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் செல்களிலிருந்து வருவதால் இன்சுலினுக்கும் அதே தீவுப் பெயர். துணைமின் நிலையத்தில் இன்சுலேட்டர் என்றால் பீங்கான் தட்டு, ஐசோலேட்டர் என்றால் லைனைப் பிரித்து வைக்கும் ஸ்விட்ச். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இரண்டையும் மாற்றிச் சொல்லி ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பையன் கிடையாது. மனிதருக்குச் சொல்லும்போதும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஐசோலேட் ஆனவர் தனியாகத் தவிக்கிறார். இன்சுலேட் ஆனவர் சௌகரியமாக இருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தும், இது கடத்தாது என்று மனிதன் தெரிந்துகொண்டதே ஒரு நூல் அறுந்ததால்தான். 1729 ஜூலை, இங்கிலாந்தின் கெண்ட் பகுதி. முன்பு சாயத் தொழில் செய்த ஸ்டீஃபன் கிரே என்பவரும் அவருடைய நண்பர் கிரான்வில் வீலரும் ஒரு கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் வரும் மின்னேற்றத்தைச் சணல் கயிறு வழியாக எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைத் தாங்கிப் பிடிக்கப் பட்டு நூல். பட்டு மெல்லியதாக இருப்பதால்தான் மின்சாரம் அதன் வழியாக ஒழுகிப் போகவில்லை என்று நினைத்தார்கள். கயிறு நீளமாகி எடை கூடியதும் பட்டு நூல் அறுந்தது. சரி, அதே அளவு மெல்லியதாக, ஆனால் பலமாக இருக்கட்டும் என்று பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். எவ்வளவு தேய்த்தும் மறுமுனையில் ஒன்றுமே வரவில்லை, எல்லாம் பித்தளை வழியாகப் போய்விட்டது. மெல்லிசு தடிசு இல்லை விஷயம், பொருள்தான் விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பப் பட்டையே கட்டினார்கள், நூற்றுக்கணக்கான அடி தூரம் போனது.

அன்றைக்குப் பட்டு. அப்புறம் பீங்கான், ரப்பர், பருத்தி நூல், மைக்கா (நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே, பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் தகடு தகடாக இருக்கும், அது), டிரான்ஸ்ஃபார்மருக்குள் காகிதமும் எண்ணெயும், இப்போது பிவிசி. வீட்டு ஒயரை எடுத்துப் பாருங்கள், 1100 வோல்ட் என்று அச்சடித்திருப்பான். வீட்டுக்கு வருவது 230. அந்த இடைவெளி வீண் செலவு இல்லை, காப்பு என்பது எப்போதும் தேவைக்கு மேல்தான் இருக்க வேண்டும்.

போஸ்ட்டில் போகும் லைன் பெரும்பாலும் வெறும் கம்பி. அதற்கு உறை எதுவும் கிடையாது, சுற்றியிருக்கும் காற்றுதான் காப்பு. காக்கா அதில் உட்கார்ந்து ஒன்றும் ஆகாமல் பறந்துபோவது அதன் கால் காப்பிடப்பட்டிருப்பதால் என்று பலபேர் நினைக்கிறார்கள், இல்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே வோல்டேஜில் இருக்கின்றன, அதனால் அதன் உடம்பு வழியாகக் கரண்ட் ஓட வேலையே இல்லை. சிறகை விரிக்கும்போது பக்கத்துக் கம்பியைத் தொட்டால் முடிந்தது கதை.

தட்டுத் தட்டாகத் தொங்கும் பீங்கானை நின்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 11 கிலோவோல்ட் லைனுக்கு ஒரு தட்டு போதும், 110க்கு ஏழு எட்டு, 400 கிலோவோல்ட் என்றால் இருபதைத் தாண்டும். எத்தனை தட்டு என்று பார்த்தே லைன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் பாவாடை மடிப்பு மாதிரி வளையங்கள் இருக்கும். மழை பெய்தாலும் அடிப்பக்கம் காய்ந்திருக்க வேண்டும், மேற்பரப்பு வழியாக ஊர்ந்து போகும் கரண்டுக்கு வழி நீள வேண்டும், அதற்குத்தான் அந்த மடிப்பு. கொட்டுகிற மழையில் இவற்றுக்கு அவ்வளவாக ஆபத்து இல்லை, மழை கழுவிவிட்டுப் போய்விடும். கடற்கரை ஓரத்தில் மாசக்கணக்கில் உப்பும் புழுதியும் படிந்திருக்கும்போது லேசாக ஒரு தூறல் போடும் பாருங்கள், இல்லை விடியற்காலைப் பனி இறங்கும், அப்போதுதான் படிந்த அழுக்கு ஈரமாகிப் பீங்கானின் மேலேயே கரண்ட் ஓட வழி கிடைத்துப் பளிச்சென்று வெட்டும். பீங்கான் கெட்டிருக்காது, மேலே படிந்தது கெடுத்துவிடும்.

இன்னொன்று, காப்பு கெடுவது கண்ணுக்குத் தெரியாது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் பழைய வீடுகளில் மரச் சட்டத்துக்குள் ரப்பர் ஒயர் ஓடும், மேலே நூல் பின்னல். நாற்பது வருஷமாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஒரு குறையும் இல்லை என்று வீட்டுக்காரர் சொல்வார். ஒரு வீட்டில் புது ஃபேன் மாட்டுவதற்காகச் சட்டத்தின் மூடியை நெம்பி, ஒயரைச் சற்று இழுத்தேன். ரப்பர் முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையில் கொட்டியது, உள்ளே செம்பு பளபளவென்று நிற்கிறது. தொடாதவரை அது நல்ல ஒயர்தான். சூட்டில் கிடந்த காப்பு எல்லாமே இப்படித்தான் கிழடாகும். மோட்டார் வைண்டிங்கில் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஆயுசு பாதி என்று ஒரு கணக்கு வைத்திருப்போம். அதனால்தான் மெகர் என்ற, காப்பின் தடையை அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பது, வெறும் கண்ணால் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்வதில்லை.

இப்போது சூட்டுக்கு வருவோம், ஏனென்றால் உருவகத்துக்கு மின்சாரத்தைவிடச் சூடுதான் சரியான உதாரணம் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. மின்சார விஷயத்தில் செம்புக்கும் பிவிசிக்கும் உள்ள வித்தியாசம் 1 போட்டு இருபது சைபர் போடுகிற அளவில் இருக்கும். அதனால் கம்பிக்குள் போவது வெளியே வருவதே இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். சூட்டில் அப்படி இல்லை. செம்பு ஒரு பக்கம், அசையாத காற்று மறுபக்கம் என்று வைத்தாலும் வித்தியாசம் சுமார் 15,000 மடங்குதான். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் சூட்டை முழுசாக நிறுத்தக்கூடிய பொருள் எதுவும் உலகத்தில் இல்லை. தெர்மோகோலோ கம்பளியோ மரத்தூளோ, எல்லாம் செய்வது ஒரே வேலை, காற்றை அசையாமல் பிடித்து வைத்துத் தாமதப்படுத்துவது. காலையில் ஃபிளாஸ்கில் ஊற்றிய காப்பி சாயங்காலம் வெதுவெதுப்பாகிவிடத்தான் செய்யும்.

தாமதம் என்றாலும் லேசாக நினைக்க வேண்டாம். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸ் கட்டியோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளத்தில் உறைந்த ஐஸை வெட்டி அனுப்பினார். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு மாதம் கடலில் கிடந்து, செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம். மெஷின் ஒன்றும் கிடையாது, சுற்றிலும் காப்புப் போட்டு அடுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். மெட்ராஸுக்கும் அந்த ஐஸ் வந்தது, இறக்கி வைக்க 1840களில் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். இப்போதும் ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்துச் சாக்கைப் போர்த்தி வைப்பதைப் பார்த்து, சாக்குப் போட்டால் சூடாகிவிடாதா என்று கேட்கிற குழந்தைகள் உண்டு. கம்பளி சூடு கொடுக்கிறது என்று நாம் சொல்லிப் பழக்கிவிட்டோம், அது எதையும் கொடுப்பதில்லை, உள்ளே இருப்பதைச் சீக்கிரம் வெளியே விடாது, வெளியே இருப்பதைச் சீக்கிரம் உள்ளே விடாது.

நம் வீட்டு மொட்டை மாடியும் இதே கதைதான். கூரை வீட்டில் சித்திரை வெயிலிலும் படுக்க முடிந்தது, ஓலைக்கு நடுவே அத்தனை காற்று. கான்கிரீட் போட்டதும் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு நம் தலையில் கொட்டுகிறது. அதற்குத்தான் முன்பெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்போது காசு மிச்சம் என்று அதைத் தவிர்த்துவிட்டு ஏசிக்குக் கரண்ட் பில் கட்டுகிறோம். இது தம்பியின் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, வயிற்றெரிச்சலில் வந்துவிட்டது.

சரி, உருவகம். ஆங்கிலத்தில் படம் தீவு. தமிழில் நமக்குத் தீவு தேவையில்லை, ஏனென்றால் நம்மிடம் ‘படு’ என்ற வினை இருக்கிறது. தொடுவதற்கும் அதுதான், துன்பத்தை அனுபவிப்பதற்கும் அதுதான். கை பட்டது, வெயில் பட்டது, கஷ்டப்பட்டான், அவமானப்பட்டான். அனுபவத்துக்கே பட்டறிவு என்றுதான் பெயர், பட்டால்தான் தெரியும் என்று சலித்துக்கொள்கிறோம், படும் துன்பத்துக்குப் பாடு என்று பெயர். அப்படியென்றால் இன்சுலேட் ஆனவர் யார்? படாதவர். வெயில் படாமல் வளர்ந்தவர், காற்றுப் படாமல் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவர், பட்டும் படாமலும் பேசுகிறவர். ஒரு பொருள் தொட்டால்தானே சூடும் கரண்டும் ஏறும், தொடாவிட்டால் ஏறாது. கம்பியிலும் மனிதரிலும் நடப்பது ஒன்றுதான் என்று தமிழ் ஏற்கனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அகராதி தருகிற ‘காப்பிடப்பட்ட’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ‘பட்ட’ உட்கார்ந்திருக்கிறது.

காப்பு என்பதும் லேசுப்பட்ட சொல் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அது காவல், ஆனால் காப்புக் கட்டியபின் ஊரை விட்டு வெளியூர் போய்த் தங்கக் கூடாது என்பதும் கூடவே வரும். போலீஸ் பிடித்துப்போனாலும் ‘கையில காப்பு மாட்டிட்டாங்க’ என்கிறோம். காக்கிற பொருளே கட்டியும் போடும். இலங்கைப் பாடப் புத்தகங்களில் இன்சுலேட்டருக்குக் காவலி என்று அழகான ஒரு சொல் இருக்கிறது, கடத்தி, காவலி என்று ஜோடியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே கடத்தாப் பொருள், அரிதிற்கடத்தி என்றெல்லாம் படித்தோம், என்னைக் கேட்டால் காவலிதான் நல்ல சொல், யாரோ காவல் நிற்பது தெரிகிறது.

காவல் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, யாரை யாரிடமிருந்து? கம்பிக்கு உறை போடுவது கம்பி பாவம் என்பதற்காக இல்லை, தொடுகிற நமக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக. மனிதருக்கு இந்தச் சொல்லைப் போடும்போது உள்ளே இருப்பவர் காக்கப்படுகிறார். நீதிபதி வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேராகப் போகிறது, நாடாளுமன்றம் அதை ஓட்டெடுப்புக்கு விட முடியாது. அரசியல் சட்டத்தின் 121ஆவது பிரிவின்படி, பதவி நீக்கத் தீர்மானம் வந்தாலொழிய அவர்கள் தம் கடமையை எப்படிச் செய்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் விவாதிக்கவும் முடியாது. இதெல்லாம் நீதிபதி சொகுசாக இருக்கட்டும் என்பதற்காக இல்லை, வழக்கோடு வந்து நிற்கிறவன் ஆளுங்கட்சிக்கு ஆகாதவனாக இருந்தாலும் அவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமே, அதற்காகப் போட்ட உறை. ஆகவே இந்த இடத்தில் இன்சுலேட் என்பது பாராட்டு.

அமைச்சர் வாக்கியத்தில் அது வசவு. உறை போட்டது யார்? பெரும்பாலும் சுற்றி நிற்கிறவர்கள்தான். சித்தார்த்தர் கதையில் அப்பா செய்தது அதுதான், கிழவனும் நோயாளியும் பிணமும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார். இப்போது அந்த வேலையை கார் கண்ணாடியும், முன்கூட்டியே கழுவி வைத்த தெருவும், ‘எல்லாம் நல்லாயிருக்குங்கய்யா’ என்கிற வாயும் செய்கின்றன. தம்பி கவனிக்க வேண்டிய ஒரு சொல் குறளில் இருக்கிறது. தவறு செய்தால் இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசனை வள்ளுவர் ‘ஏமரா மன்னன்’ என்கிறார். ஏமம் என்றால் காவல். இடித்துச் சொல்கிறவர்தான் காவல், அவரை விலக்கி வைத்திருப்பவன் காவல் இல்லாத அரசன், கெடுக்க எதிரி யாரும் இல்லாமலே அவன் கெடுவான் என்கிறார். ஆங்கிலம் இன்சுலேட்டட் என்று சொல்லும் அதே நிலையைத் தமிழ் நேர் எதிராகக் காவலற்றவன் என்கிறது. அமைச்சருக்கு ‘காப்பிடப்பட்ட’ என்று எழுதினால் ஏன் இடிக்கிறது என்று புரிகிறதா?

பொருளாதாரக் கட்டுரைகள் மொழிபெயர்க்க வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனது, நம் பங்க்கில் விலை அந்த அளவு ஏறவில்லை. நுகர்வோரை உலக விலையிலிருந்து இன்சுலேட் செய்தார்கள் என்று எழுதினார்கள். சூடு எங்கும் போய்விடவில்லை, எண்ணெய்க் கம்பெனிகளின் நஷ்டக் கணக்கிலும் அரசு கொடுத்த கடன் பத்திரங்களிலும் போய்த் தங்கியது. 2010இல் பெட்ரோலுக்கும் 2014இல் டீசலுக்கும் அந்த உறையைக் கழற்றினார்கள், 2017 ஜூனிலிருந்து விலையைத் தினமும் மாற்றலாம் என்று ஆனது. அதே 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தபோது நம்மைத் தொடாது என்று பேசினார்கள், வங்கிகள் வரை அது ஓரளவு சரிதான். ஆனால் அக்டோபரிலேயே நாட்டின் ஏற்றுமதி முந்தைய வருஷத்தைவிடக் குறைந்தது, திருப்பூரில் ஆர்டர் வரவில்லை. ஃபிளாஸ்க் சூடு காக்கும், எத்தனை மணிநேரம் என்பதுதான் கேள்வி.

சென்னையில் 2019 கோடை ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தன. குடத்தோடு தெருக் குழாயில் நின்றவர்களுக்கு மார்ச்சிலேயே தெரிந்துவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடிகளுக்கு மே கடைசியில்தான் தெரிந்தது, அன்றுவரை குழாயைத் திறந்தால் வந்துகொண்டிருந்ததே. ஜூனில் லாரிக்காரர் ஃபோனை எடுக்கவில்லை, ஐடி கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தண்ணீர்ப் பஞ்சம் ‘படாமல்’ இருந்தவர்களுக்கும் கடைசியில் பட்டது. நொறுங்கிய ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வாக்கியங்கள். நீதிபதிக்கு: ‘அரசியல் தலையீடு நீதிபதிகளைத் தீண்டாதபடி காப்பு இருக்க வேண்டும்.’ இங்கே காப்பு பொருந்துகிறது, வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சருக்கு: ‘நாட்டு நடப்பின் சூடு அமைச்சருக்குப் படுவதே இல்லை’, அல்லது இன்னும் எளிதாக, ‘மக்கள் படும் பாடு அமைச்சருக்கு எட்டவில்லை.’ ‘தனித்தீவில் வாழ்கிறார்’ என்று எழுத வேண்டாம், அது ஐசோலேட்டட்டின் பக்கம் சாய்கிறது, அவரைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிடும்.

பிளேயருக்கு எழுத்தில் ‘மின்காப்பு உறையிட்ட கைப்பிடி’ போதும். கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் முழிப்பார், இன்சுலேட்டட் பிளேயர் என்றே கேளுங்கள். கைப்பிடியில் சிவப்பும் மஞ்சளுமாக ரப்பர் மாதிரி மாட்டியிருப்பதெல்லாம் காப்பு இல்லை, பலவும் கை வழுக்காமல் இருக்கப் போட்டவை. இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அதில் பதிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கினாலும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.